சவுடுக்கு அடியில் கிடந்த மண்

1. கொடிகள்

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே கொடி நட்டுவிட்டார்கள். மூங்கில் குச்சிகளில் சிவப்புத் துணியைக் கட்டி, வேலிக்குள் ஆங்காங்கே குத்தி வைத்திருந்தார்கள். கொடி இருக்கிற இடத்தில் மண் எடுத்தால் போதும் என்றார் பண்ணை முதலாளி. வெயிலில் நான் அலையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடாம். இளநீர் வேறு சீவித் தயாராக இருந்தது.

மண் மாதிரி எடுப்பதும் அதைப் பரிசோதிப்பதும்தான் என் வாழ்நாள் வேலை. மதுரையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் சீனியர் அனலிஸ்டாக இருந்து, இது நடந்த பிறகு ஓய்வு பெற்றவள். வீடு இராமநாதபுரம். எங்கே தோண்டுவது என்பதை அன்றுவரை நான்தான் முடிவு செய்து வந்தேன். இடத்துக்குச் சொந்தக்காரர் அதை முடிவு செய்தால் அது ஆய்வு இல்லை, விருந்து. அவர் பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

உச்சிப்புளியிலிருந்து தென்கடல் பக்கம் பிரிந்து போகும் பாதையில் இருந்த ஒரு பழைய இறால் பண்ணை அது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். விஷ மண் ஊர் என்று பெயர் விழுந்துவிட்டால் எங்கள் வீட்டில் யார் சம்பந்தம் வைப்பார்கள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஊர் மட்டும் இங்கே மறைந்திருக்கும். மற்றதெல்லாம் நடந்தபடியே.

முதல் கொடியருகில் உட்கார்ந்து கையில் மண்ணை எடுத்துப் பார்த்தேன். சிவந்து, விரலில் ஒட்டியது. அந்தக் கடற்கரையில் மண் அப்படி இருக்காது. வெளுத்த மணலும் சிப்பித் தூளும்தான் இருக்கும். என் கையில் இருந்தது சவுடு, வீட்டு அஸ்திவாரம் நிரப்புவதற்குக் கண்மாயிலிருந்து அள்ளிவருகிற மண். அடுத்த கொடிக்குப் போனேன். அங்கேயும் சவுடு. கொடி இல்லாத இடங்களில் மட்டும் தரை சாம்பலும் கறுப்புமாகத் தெரிந்தது.

வேலிக்கு வெளியே சீமைக்கருவேல நிழலில் ஒரு பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி. கரிமூட்டம் போடுகிறவள், கொஞ்சம் ஆடும் வைத்திருந்தவள். முதலாளி போன் பேச அந்தப் பக்கம் நகர்ந்ததும் வேலி ஓரமாக வந்தாள்.

“போன வாரந்தான் டிராக்டர்ல கொண்டாந்து கொட்டுனாய்ங்க மேடம். இங்கன தோண்டுனா எங்க கம்மா மண்ணுதான் வரும். வேற ஒண்ணும் வராது.”

நிறத்தைப் பார்த்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் அவள் சொல்லிக் கேட்டபோது, அவர்கள் என்னை என்னவென்று நினைத்திருக்கிறார்கள் என்பது உறைத்தது. இளநீரைத் தொடவில்லை. ஆய்வகக் காரிலிருந்து ஆகரை எடுத்து வந்தேன். திருகித் திருகி மண்ணுக்குள் இறக்கும் இரும்புக் கருவி அது. கொடியருகிலேயே இறக்கினேன். ஒரு முழம்கூட இறங்கியிருக்காது. சிவப்பு முடிந்து கறுப்பு வந்தது. கறுப்போடு ஒரு நாற்றமும் வந்தது, கருகிய பிளாஸ்டிக்கும் ஆசிட்டும் கலந்த நாற்றம்.

முதலாளி ஓடி வந்தார். ஆழமாக எடுக்கச் சொல்லவில்லையே என்றார். எங்கள் மேலாளர் சுந்தருக்கு அங்கேயே போன் போட்டார். சுந்தர் என்னிடம் பேசினார். வேலை ஒப்பந்தத்தில் மேல்மண் மட்டும்தான், பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டாம் என்றார்.

மேல்மண் என்பது போன வாரம் வந்த மண் என்றேன்.

“வசந்தா மேடம், ஸ்கோப்ல என்ன இருக்கோ அத மட்டும் செஞ்சுட்டு வாங்க. அதுக்கு மேல நமக்கு எதுக்கு?”

ஒப்பந்தப்படி மேல்மண்ணை எடுத்தேன். பிறகு ஒவ்வொரு இடத்திலும் கறுப்பையும் தனியாக எடுத்தேன்.

2. தங்கம் விளையாத ஊரில்

என் வேலையின் தொடக்கம் பக்கத்து மாநிலத்துத் தங்கச் சுரங்கங்களில். சுரங்கத்திலிருந்து எடுத்த பாறையை அரைத்து, தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூளை மலை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். டெய்லிங்ஸ் என்போம். காற்றடித்தால் அந்தத் தூள் சுற்றியிருக்கும் வயல்களில் போய் விழும். ஈயம், ஆர்செனிக், பாதரசம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இதைத்தான் ஹெவி மெட்டல் அசெஸ்மென்ட் என்கிறார்கள்.

இந்த வேலையை எங்கள் இராமநாதபுரம் ஜில்லாவில் செய்ய வேண்டிவரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. இங்கே தோண்டினால் உப்புத் தண்ணீர் வரும், சிப்பி வரும். தங்கம் வராது.

அந்தப் பண்ணைக்குத் தங்கம் லாரியில் வந்தது. நகைப் பட்டறைகளில் கூட்டி எடுக்கும் குப்பை, தங்கம் உருக்கி உடைந்த மூசைகள், மெருகு போடும்போது உதிர்ந்த தூள், இவற்றோடு பழைய கம்ப்யூட்டர், செல்போன்களின் போர்டுகள். எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கம் இருக்கும். போர்டுகளை எரித்து ஆசிட்டில் போடுவார்கள். பட்டறைக் குப்பையை இரும்பு டிரம்மில் தண்ணீரும் பாதரசமும் விட்டு உருட்டுவார்கள். ரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைத் துணியில் போட்டுப் பிழிந்து, மிஞ்சும் உருண்டையை அடுப்பில் காய்ச்சினால் ரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் சட்டியில் தங்கும். சுரங்கப் பகுதிகளில் குடிசைக்குள் வைத்து ஏழைகள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதே வேலை, அதே நாற்றம். உரிமம் மட்டும் பழைய இரும்புக் கடை என்று இருந்தது.

கழிவுச் சேறு முழுவதையும் பழைய இறால் குட்டைகளில் விட்டார்கள். ஐப்பசி மழையில் குட்டைக் கரை ஒரு பக்கம் உடைந்தது. அந்தப் பக்கம்தான் ஊருணி. அந்த ஊரில் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. ஊருணியில் தண்ணீர் குடித்த காளீஸ்வரியின் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார்கள். மண்ணைச் சோதித்து ரிப்போர்ட் தரும்படி அந்தப் பண்ணை முதலாளிக்கே உத்தரவு வந்தது. அவர் எங்கள் ஆய்வகத்தை அமர்த்தினார்.

இதில் உள்ள கோளாறு படிக்கிறவர்களுக்குப் புரியும். மண்ணைக் கெடுத்தவரே மண்ணைச் சோதிக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பார். நாட்டில் எங்கும் இப்படித்தான் நடக்கிறது. எனக்கும் முப்பது வருடமாக இது பழகிப்போன விஷயம். அந்த ஊரில்தான் இது எனக்குப் பொறுக்கவில்லை.

3. ரசம் பிழிந்த கை

மறுநாள் வேலிக்கு வெளியே மாதிரி எடுக்கப் போனேன். ஊருணிக் கரை, குட்டை உடைந்த வாய்க்கால், ஆடு மேயும் திடல். காளீஸ்வரி கூடவே வந்தாள். வெயில் ஏறியதும் தன் வீட்டில் வந்து கொஞ்சம் உட்காரச் சொன்னாள்.

அவள் மகள் முத்துமாரி எனக்கு மோர் கொண்டுவந்தாள். வயது இருபது இருக்கலாம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்படியும் மோர் தளும்பித் தரையில் சிந்தியது. அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். புதிதாக வந்தவளைப் பார்த்த கூச்சம் என்று யாரும் நினைத்திருப்பார்கள். சுரங்கப் பக்கத்துக் குடிசைகளில் அந்த நடுக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்.

பண்ணையில் அவள்தான் ரசம் பிழிகிறவள். ஆண்கள் டிரம் உருட்டுவார்களாம், சுமப்பார்களாம். துணியில் பிழிவதும் அடுப்பில் காய்ச்சுவதும் பொம்பளைப் பிள்ளைகளின் வேலை. அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கையுறை கிடையாது. தகரக் கொட்டகைக்குள் அடுப்பு. காற்றில் தூள் பறந்துவிடும் என்று சன்னலையும் அடைத்து வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளாகப் பல் ஈறில் ரத்தம் வருகிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது என்று அம்மாக்காரி சொன்னாள். ஊரில் குறி சொல்லும் கோடாங்கியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

“பேயா யக்கா, இது?” என்று முத்துமாரி என்னிடம் கேட்டாள்.

பேய் இல்லை, நீ காய்ச்சிய ரசத்தின் ஆவி உன் உடம்புக்குள் போயிருக்கிறது என்று சொன்னேன். இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றேன். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன வேலை பார்த்தாள் என்பதை முதலில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் டாக்டருக்கு நரம்புத் தளர்ச்சி என்றுதான் தோன்றும் என்று விளக்கினேன். காளீஸ்வரி வாசலுக்கு வந்து என்னை வழியனுப்பியபோது சொன்னாள்.

“ஆட்டுக்காகத்தான் யக்கா மனுக் குடுத்தேன். எம்புள்ளைக்கும் சேத்துக் குடுக்கணும்னு எனக்கு யாருமே சொல்லலயே.”

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தலைக்கு மேல் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து போனது. கடலில் எங்கோ புள்ளியாகத் தெரிகிற படகையெல்லாம் அங்கிருந்து கண்டுபிடித்துவிடுவார்களாம். கீழே தினமும் கறும்புகை எழுப்பிய ஒரு கொட்டகை யார் கண்ணிலும் படவில்லை.

4. மூன்று தந்திரங்கள்

இனி எழுதப் போவதை இந்த வேலைக்கு வருகிற இளையவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். மண்ணில் இருக்கும் விஷத்தை ஆய்வகத்துக்குள் எப்படிக் காணாமல் ஆக்குவது என்பதை நான் அந்த மாதத்தில் கண்ணால் பார்த்தேன்.

முதலாவது, பேக்ரவுண்ட் சாம்பிள். ஒரு இடம் கெட்டிருக்கிறதா என்று தெரிய, கெடாத மண் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். அதே வகை மண்ணாக இருக்க வேண்டும், புகையும் தண்ணீரும் போய்ச் சேராத தூரத்தில் இருக்க வேண்டும். பண்ணையின் கிழக்கு வேலியை ஒட்டி அதை எடுக்கச் சொன்னார் சுந்தர். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புகை நேராக அங்கேதான் போய் இறங்கும். கெட்ட மண்ணைக் கெட்ட மண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது, வித்தியாசம் இல்லையென்றால் மாசும் இல்லை. நான் ஊரைத் தாண்டி மேற்கே ஒரு பனங்காட்டில் எடுத்து வந்தேன்.

இரண்டாவது, ஓவன் என்கிற மின்சார அடுப்பு. மண்ணை அரைப்பதற்கு முன் ஈரம் போகக் காயவைப்போம். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் சூடான ஓவனில் வைப்பதில் தப்பில்லை. பாதரசத்துக்கு வைக்கக் கூடாது. முத்துமாரியின் அடுப்பில் நடந்ததுதான் நம் ஓவனிலும் நடக்கும், ரசம் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். அதனால்தான் பாதரசத்துக்கான மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் தனியாகக் கொண்டுவந்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் பாட்டில்கள் காலியாக இருந்தன. எல்லா மண்ணும் ஒரே தட்டுகளில் பரப்பப்பட்டு ஓவனுக்குள் இருந்தது. ரிப்போர்ட் அவசரம், சீக்கிரம் காயட்டும் என்று சுந்தர் சார் சொன்னதாக லேப் பையன்கள் சொன்னார்கள். அவருக்குத் தெரியாத கெமிஸ்ட்ரி இல்லை. எனக்கு இந்த ஓவன் விஷயத்தை ஒரு காலத்தில் விளக்கிச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. தெரியாமல் செய்கிறவரைத் திருத்தலாம். தெரிந்து செய்கிறவரை என்ன செய்வது?

மறுபடியும் பஸ் ஏறிப் போய்ப் பாதரசத்துக்கான மண்ணைத் திரும்ப எடுத்து வந்தேன். இந்த முறை பாட்டில்களை என் மேசைக்குக் கீழேயே வைத்து, நானே உட்கார்ந்து சோதித்தேன். ரீடிங் வந்தபோது மெஷினில் கோளாறோ என்று, அளவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கோளாறு இல்லை. தகரக் கொட்டகை ஓரத்து மண்ணும் உடைந்த வாய்க்கால் மண்ணும் சுரங்கப் பகுதியில் நான் பார்த்த மோசமான மண்ணோடு சேர்த்து வைக்கக் கூடியவை. ஊருணிக் கரையிலும் பாதரசமும் ஈயமும் பனங்காட்டு மண்ணைவிடப் பல மடங்கு இருந்தன.

மூன்றாவது தந்திரம் சராசரி. ரிப்போர்ட் என் கையெழுத்துக்கு வந்தபோது அதில் என் கறுப்பு மண்ணும் இருந்தது, கொடி நட்ட சவுடும் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஒரே எண். அந்த எண் வரம்புக்குள் அடங்கியிருந்தது. அதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. அதுதான் அந்த ரிப்போர்ட்டின் அழகு.

கையெழுத்துப் போட முடியாது என்றேன். சுந்தர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கத்தவில்லை. சலிப்போடுதான் பேசினார். இந்தக் கம்பெனி இல்லையென்றால் பண்ணை முதலாளி வேறு ஆய்வகத்துக்குப் போவார், அங்கே இந்தக் கறுப்பு மண்ணைக்கூட எடுக்க மாட்டார்கள், நம்மால் லேபில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சம்பளமாவது போகிறது என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அப்படிப்பட்ட உண்மைகளால்தான் இந்த நாசமெல்லாம் நடக்கிறது.

எனக்கு ஓய்வு பெற அதிக நாள் இல்லை. இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. என்னைத் தைரியசாலி என்று யாரும் எழுத வேண்டாம். என் இடத்தில் வீட்டுக் கடன் கட்டுகிற ஒரு இளம் அனலிஸ்ட் இருந்திருந்தால் அவன் கையெழுத்துப் போட்டிருப்பான். அவனைத் திட்டவும் எனக்கு மனசு வராது. அவனை அந்த நிலையில் வைத்திருப்பவர்களைத்தான் திட்டுவேன். அன்று கையெழுத்து வேறொருவர் போட்டார்.

5. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில்

விசாரணை இராமநாதபுரத்தில் நடந்தது. மாதிரி எடுத்தவர் நேரில் வர வேண்டும் என்று விசாரணை அதிகாரி கேட்டிருந்ததால் சுந்தரால் என்னை விட்டுவிட்டு வர முடியவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று படியேறும்போது சொல்லி வைத்தார்.

ஒரு பக்கம் முதலாளியும் சுந்தரும். எதிரே ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. பண்ணையில் வேலை பார்த்த ஆண்கள் தனியாக நின்றார்கள். பண்ணையை மூடினால் மறுபடி திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போக வேண்டியதுதான் என்ற பயம் அவர்கள் முகத்தில் இருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பிழைப்பா தண்ணீரா என்று ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்க வைத்ததே பெரிய அக்கிரமம்.

சுந்தர் கம்ப்யூட்டரில் படம் போட்டு விளக்கினார். நல்ல படங்கள். மொத்தப் பரப்பின் சராசரி அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது என்று முடித்தார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். இளைஞர், வேலைக்குப் புதியவர். மேடம், நீங்கள்தானே எடுத்தீர்கள், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒப்புக்குக் கேட்டார்.

சொல்ல வேண்டும் என்றேன். சவுடு எப்போது வந்தது, கொடியை யார் நட்டார்கள், கறுப்பு எவ்வளவு கீழே தொடங்கியது, பாதரச மண் எந்த ஓவனுக்குப் போனது, சராசரிக்குள் எந்த மண்ணைக் கலந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். கொட்டகை ஓரத்து ரீடிங்கையும் ஊருணி ரீடிங்கையும் தனித்தனியாகச் சொன்னேன். என் குரல் நடுங்கியது. கோபத்தில் எனக்கு எப்போதும் குரல் நடுங்கும், அழுகிறேன் என்று எதிரில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அன்றும் அப்படித்தான் நினைத்தார்கள். மேடம் எமோஷனலாகப் பேசுகிறார் என்றார் சுந்தர். சராசரி என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட முறை என்றார்.

அப்போதுதான் காளீஸ்வரி எழுந்தாள். மகளையும் கையைப் பிடித்து எழுப்பினாள். முத்துமாரியின் வலது கையைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினாள். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.

“இந்த ரூமுல இருக்குற எல்லாக் கையையும் சேத்து சராசரி போடுங்க சார். எம்புள்ள கை நடுங்கலன்னுதான் வரும்.”

முதலாளி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தர் கம்ப்யூட்டரை மூடினார். அதைக் கேட்டு அவர்கள் மனம் மாறினார்கள் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். மாறவில்லை. வெளியே வந்ததும் முதலாளி, அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே நரம்புக் கோளாறு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழும்படியே சொன்னார்.

ஆனால் அந்த இளம் அதிகாரி மறு சோதனைக்கு உத்தரவு போட்டார். வேறு ஆய்வகம், வேறு ஆட்கள், கொடி இல்லாமல். நான் சொன்ன இடங்களில் நான் சொன்னதுதான் வந்தது. பண்ணையைப் பூட்டி சீல் வைத்தார்கள். டிரம்களும் ரசமும் அதற்கு முன்பே லாரி ஏறியிருந்தன. ஊருணியைச் சுற்றி முள்வேலி போட்டு, ஊருக்கு டேங்கர் தண்ணீர் விட்டார்கள். ஆய்வகத்தில் என்னைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை பாட்டில் தண்ணீரின் உப்பை அளந்துகொண்டிருந்தேன்.

6. மண் போன வழி

கெட்ட மண்ணை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அந்த உத்தரவில் இருந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த சமயம் காளீஸ்வரி போன் செய்தாள். பொக்லைன் வந்திருக்கிறது, பண்ணைக்குள் மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றுகிறார்கள் என்றாள். நல்ல செய்தி என்றேன்.

“நல்லதுதான் யக்கா. ஆனா லாரி மெயின் ரோட்டுக்குப் போவல. ஊருக்குள்ளதான போவுது.”

கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். உச்சிப்புளியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரரிடம் லாரி போன தடத்தைப் பிடித்துப் போகச் சொன்னேன். ஊர் எல்லையில் புதிதாக அங்கன்வாடிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அஸ்திவாரச் சுவர் எழுப்பி, நடுவில் மண் நிரப்பத் தயாராக விட்டிருந்தார்கள். முதல் லோடு உள்ளே கொட்டியாகிவிட்டது. இரண்டாவது லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கறுப்பு மண். பிள்ளைகள் தவழ்ந்து விளையாடப் போகிற தரைக்கு அடியில்.

நான் லாரிக்குப் பின்னால் போய் நின்றேன். டிரைவர் இறங்கி வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இங்கே மண் தேவை, அங்கே மண் வேண்டாம், ரெண்டும் ஒரே கான்ட்ராக்டர்தான், நடை மிச்சம் என்று இங்கே கொட்டச் சொன்னார்களாம். இது என்ன மண் என்று சொன்னதும் தன் கையைப் பார்த்தார். உடனே பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அப்புறம் லாரிக்குள் ஏறி சாவியை உருவிக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

கான்ட்ராக்டர் பைக்கில் வந்து சேர்ந்தபோது காளீஸ்வரியோடு ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். பண்ணையில் வேலை பார்த்த ஆண்களும் வந்திருந்தார்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே. கான்ட்ராக்டர் என்னிடம், உங்களுக்குத்தான் ரிட்டயர்டு ஆயிருச்சே மேடம், இன்னும் எதுக்கு வெயில்ல வாரீங்க என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. அதிகாரி வரும்வரை யாரும் நகரவில்லை. கொட்டிய மண்ணோடு அதற்குக் கீழே இருந்த மண்ணையும் சேர்த்து அள்ள வைத்துத்தான் விட்டோம்.

அள்ளிய மண் திரும்பவும் பண்ணைக்கே போனது. அபாயக் கழிவு புதைக்கிற இடம் வேறு ஜில்லாவில் இருக்கிறதாம். அங்கே அனுப்ப அனுமதி வர வேண்டுமாம். அதுவரை குவித்து தார்ப்பாய் போட்டு மூடிவைக்கச் சொன்னார்கள். இன்றுவரை அங்கேதான் கிடக்கிறது. முத்துமாரி மதுரை ஆஸ்பத்திரியில் தொடர்ந்து வைத்தியம் பார்க்கிறாள். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது, தூக்கம் வருகிறது. கை நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. இன்னும் நூல் கோக்க அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள். முதலாளி வேறு ஒரு ஜில்லாவில், வேறு பெயரில், பழைய இரும்புக் கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

நான் படித்த பாடம் இதுதான். மண்ணில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதோடு நம் வேலை முடிந்தது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் அப்படியே நம்பி முப்பது வருடம் ரிப்போர்ட் எழுதினேன். முடிவதில்லை. விஷம் என்று நாம் பெயர் வைத்த மண்ணை யார் அள்ளுகிறார்கள், எந்த லாரியில் போகிறது, யார் வாசலில் இறங்குகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் தருகிறவர் கேட்க மாட்டார். உத்தரவு போட்டவர் மறந்துவிடுவார். நாம் கேட்காவிட்டால் அது ஏதாவது ஒரு பிள்ளையின் காலுக்கு அடியில் போய்ச் சேரும்.

போன மாதம் மழைக்கு முன்னால் அந்த ஊருக்குப் போயிருந்தேன். பண்ணையில் அரசாங்கம் போட்ட தார்ப்பாய் காற்றில் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. குவியலின் ஊருணிப் பக்கத்தை மட்டும் புதுத் தார்ப்பாய் ஒன்று மூடியிருந்தது. நாலு ஓரத்திலும் பனங்கட்டை ஏற்றிக் கட்டியிருந்தார்கள். யார் போட்டது என்று காளீஸ்வரியிடம் கேட்டேன். நான்தான் யக்கா, வீட்டுக் கூரைக்கு வாங்கி வச்சிருந்தேன், எனக்கு ஒழுகினா பாத்திரம் வச்சுக்கிருவேன் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

அங்கிருந்தபடியே அதிகாரிக்குப் போன் போட்டேன். ஃபைல் மேலே போயிருக்கிறது மேடம் என்றார். நாளைக்கும் போடுவேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறுநாளும் போட்டேன். இன்று காலையிலும் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.